பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் விளையாடியவர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய வலைப்பந்து அணியினர் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் வென்ற கேடயங்களைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் பேச வந்தது ஓர் அமெரிக்க அணியைப் பற்றி.

கொனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்றொரு ஊர். அங்கே வாகனங்களுக்கு பிறேக் பாகங்கள் செய்த றேபெஸ்டோஸ் நிறுவனத்தின் ஆதரவில் 1947இல் பெண்கள் சொஃப்ட்போல் அணியொன்று உருவானது. பிறேக்கிலிருந்தே பெயரும் வந்தது: பிறேக்கெற்ஸ். நமது எல்லேயைப் போல அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்தான். ஆனால் பந்தைக் கீழ்க்கையாக மிக வேகமாக எறிவார்கள். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே தூரம் குறைவு. யோசிக்க நேரமிராது.

ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. முதலாவது தேசியக் கிண்ணம் கைக்கு வர 1958 ஆகிவிட்டது. 1965இல் மெல்பேர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டிக்கு அமெரிக்காவின் சார்பில் போய், இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவிடம் 1–0 எனத் தோற்றார்கள். 1971 முதல் 1978 வரை எட்டு வருடமும் தேசியக் கிண்ணம் அவர்களுக்கே. 1974இல் உலகப் போட்டி அவர்களது ஊருக்கே வந்தது. அதையும் வென்றார்கள்.

அவர்களில் ஜோன் ஜொய்ஸ் பதின்ம வயதிலேயே அணியில் சேர்ந்தவர். 1960களின் தொடக்கத்தில், நிதி சேர்ப்பதற்காக நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், பேஸ்போலின் பெரும் மட்டையாளர் டெட் வில்லியம்ஸுக்குப் பந்தெறிந்தார். அவரால் அடிக்க முடியவில்லை! அதே அணியில் ஆடிய டொற் றிச்சட்சன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் தங்கத்துக்கு வழிசெய்த அடியை அடித்தபோது அவருக்கு வயது 34. எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வைத்தியர்.

அந்தத் தொழிற்சாலையை நாங்கள் புகழவில்லை. அதன் அஸ்பெஸ்டஸ் கழிவு ஊரின் பல இடங்களில் கொட்டப்பட்டு, விளையாட்டு மைதானத்து நிலம்கூட மாசடைந்தது. நிறுவனத்தின் ஆதரவு நின்ற பிறகும் அணி நிற்கவில்லை. ஊரின் பெயரைச் சூடிக்கொண்டு தொடர்ந்து ஆடியது.

நாங்களோ உயர்தரப் பரீட்சைக்கு முன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, சப்பாத்தைத் தங்கைமாருக்குக் கொடுத்தோம். வேண்டாமென்று எவரும் சொன்னதில்லை. ஆட இடமில்லை, கேட்க வெட்கம். பிறகு கலியாணம், வேலை, இடப்பெயர்வு. இன்று முழங்கால் நோகிறது என்கிறோம். 34 வயதில் நோகவில்லையே!

சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம்: சனிக்கிழமை மாலைகளில் வலைப்பந்துத் திடலைப் பழைய மாணவிகளுக்குத் திறந்துவிடுங்கள், இவ்வருடம் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளையும் சேர்த்து. செயற்குழு யோசிக்கட்டும்.

அதற்கிடையில், நாளை காலை ஆறரைக்கு, வெயில் ஏறமுன், நாங்கள் திடலில் நிற்போம். பந்து எங்களிடம் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் ஓர் அணி. இப்போதைக்கு ஐந்து பேர்தான்.