வாசலில் நிற்கும் செக்யூரிட்டி: அவருக்கு என்ன அதிகாரம், நமக்கு என்ன உரிமை?



சேலியமேட்டிலிருந்து பாகூருக்கோ, கிருமாம்பாக்கத்துக்கோ, புதுச்சேரிக்கோ ஒரு வேலையாகப் போகிறோம். ஆஸ்பத்திரியோ, பேங்க்கோ, ஜவுளிக்கடையோ, எங்கே போனாலும் முதலில் பார்க்கிற ஆள் வாசலில் நிற்கிற செக்யூரிட்டிதான். வழி சொல்றவரும் அவர்தான், "இப்போ உள்ளே போக முடியாது"ன்னு நிறுத்துறவரும் அவர்தான். அவரை எவ்வளவு நம்பலாம்?

காவலாளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013 நவம்பர் 19 காட்டியது. அன்று காலை பெங்களூரில் ஒரு பெண் பணம் எடுக்க ஏ.டி.எம்.முக்குள் போனார். பின்னாலேயே வந்த ஒருவன் ஷட்டரை இழுத்துவிட்டு, அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்பினான். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. தடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

சரி, ஒருவரை நிறுத்திவிட்டால் போதுமா? போதாது. யாரை நிறுத்தலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. இந்தச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த முடியாது. நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். 65 வயது ஆகியிருக்கக் கூடாது. அவருடைய நடத்தையையும் பின்னணியையும் சரிபார்த்த பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். பயிற்சியும் கட்டாயம். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்கின்றன.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சீருடையைக் கவனியுங்கள். ஏஜென்சியின் பெயர், போட்டோ போட்ட அடையாள அட்டை இரண்டும் கண்ணில் படணும். ஒரு விசிலும் இருக்கணும். போலீஸ் அல்லது ராணுவச் சீருடை மாதிரி உடை போட்டிருந்தால், அதுவே குற்றம். அவரும் மாட்டுவார், ஏஜென்சி முதலாளியும் மாட்டுவார்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செக்யூரிட்டி போலீஸ் கிடையாது. அந்த இடத்தின் விதியைச் சொல்லலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லி கேட்கலாம், மறுத்தால் உள்ளே விட மறுக்கலாம். உங்கள் செல்போனைப் பிடுங்கிப் பார்க்கவோ, அபராதம் வசூலிக்கவோ, அடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால், பொதுமக்களில் யாரும் அந்த ஆளைப் பிடிக்கலாம். செக்யூரிட்டிக்கும் அந்த உரிமை மட்டும்தான். அப்படிப் பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சந்தேகத்தின் பேரில் ஒருவரை ரூமில் பூட்டி வைப்பது சட்டப்படி தவறு.

வரம்பு மீறினால் என்ன செய்யலாம்? கூச்சல் போட வேண்டாம். நேரம், இடம், ஏஜென்சியின் பெயர் மூன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அடித்தாலோ, அடைத்து வைத்தாலோ உடனே 112-க்கு அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். ஏஜென்சியின் லைசென்ஸ் பற்றிய புகார் என்றால், உள்துறையின் கீழ் அதற்கென இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போகணும்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. நம்ம கிராமப்புறங்களில் இருந்தும் எத்தனையோ அண்ணன்கள், மாமாக்கள், அக்காக்கள் இந்த வேலைக்குப் போகிறார்கள். எட்டு மணி நேர ஷிப்ட்டை பன்னிரண்டாக இழுத்து, உட்கார ஒரு நாற்காலிகூட தராமல் நிற்க வைத்தால், விடியற்காலை மூன்று மணிக்கு அவர் எப்படி விழிப்போடு இருப்பார்? குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் எல்லாம் அவருக்கு உரிய உரிமை. வேலையில் சேரும் முன் ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்; சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நல்ல காவல் வேண்டுமானால் பயிற்சி, ஓய்வு, நியாயமான சம்பளம் மூன்றையும் காவலாளிக்குக் கொடுத்தாக வேண்டும். அடுத்த முறை ஒரு வாசலில் நுழையும்போது அவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். அப்படியே "வணக்கம்ண்ணே" என்று ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்.