கலர் டேப் ஒட்டினால் முதுகுவலி போகுமா?

(தொலைக்காட்சிக் கருத்து மன்றத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் டாக்டர் இல்லை. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவன். கேட்டுத் தெரிந்து கொண்டதையும் படித்ததையும்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கோலசிலாங்கூர் பக்கம் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் என்று எங்கே போனாலும் நம்மவர்களிடம் முதுகுவலிக் கதை ஒன்று இருக்கும். பால்மரம் வெட்டிய காலத்தில் தொடங்கிய வலி செம்பனைக்கு மாறிய பிறகும் விடவில்லை. அங்கே ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, பேட்மிண்டன் ஆடுறவங்க ஒட்டியிருக்காங்களே கலர் பிலாஸ்தர், அத ஒட்டினா என் முதுகு சுகமாயிடுமா?”

நியாயமான கேள்வி. அவர் பிலாஸ்தர் என்றதும் பலருக்குக் கோயோக்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. கோயோக்கில் மருந்து இருக்கிறது. அதனால்தான் சுரீர் என்று சூடேறுகிறது. இந்த டேப்பில் மருந்தே கிடையாது. பஞ்சு நூல் துணி, இழுத்தால் நீளும், பின்பக்கம் பசை, அவ்வளவுதான். 1970களில் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே என்பவர் உருவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பல நாட்டு வீரர்களின் உடம்பில் தெரிந்த பிறகு உலகமெங்கும் பரவியது. தோலை லேசாகத் தூக்கிப் பிடிக்கும், அடியில் இரத்த ஓட்டம் சீராகும், வலி குறையும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது என்ன ஆனது? பிரேசிலில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு முறைப்படி இழுத்து, தோலில் மடிப்பு விழும்படி ஒட்டினார்கள். மற்றப் பிரிவினருக்கு அதே டேப்பை இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவினருக்குமே வலி குறைந்திருந்தது. ஆனால் வலியின் அளவிலும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதிலும் இவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2014இல் வெளிவந்த ஆய்வு இது. இழுத்து ஒட்டும் ‘வித்தை’க்காகக் கூடுதல் பணம் கேட்பவரிடம் இதை ஞாபகப்படுத்தலாம்!

2012இல் ஸ்பெயினில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. ஆனால் மிகச் சிறிய பலன் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். கழுத்துவலிக்கும் ஏறக்குறைய அதே கதைதான். விபத்தில் கழுத்து உதறி வலி கண்ட 41 பேருக்கு ஒட்டிப் பார்த்த 2009 ஆய்வில், மறுநாள் வரை கொஞ்சம் சுகம் தெரிந்தது. அதுவும் சிறிய அளவுதான்.

ஆக, டேப் முழு ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இடித்துக்கொண்ட இடத்தைக் கையால் தேய்த்தால் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறதல்லவா, அந்த மாதிரி ஓர் ஆறுதல். சிலருக்கு இரண்டு நாள் நடமாட அதுவே போதும். என் கவலை வேறு. அந்த இரண்டு நாள் சுகத்தை நம்பி மறுபடியும் அதே சுமையைத் தூக்கப் போகிறோமே!

இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் உள்ள உறவு சின்னதல்ல. பெஸ்தாரி ஜெயா, அப்போதைய பத்தாங் பெர்ஜூந்தையில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! அன்று முதல் அந்த மரத்தின் உயரம் நம் கழுத்துக்கும், அதன் குலை நம் இடுப்புக்கும் பாரமாகிப் போனது. நீளக் கம்பத்தில் அரிவாளைக் கட்டி அண்ணாந்தபடியே வெட்ட வேண்டும். விழுந்த குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். உதிரிப்பழம் பொறுக்குபவர் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார். மருந்து அடிப்பவர் முதுகில் 15, 16 லிட்டர் பம்பு.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்போடு ஒட்டி இடுப்பளவில் தூக்கினால்கூட ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்கிறது. தரையிலிருந்து தூக்கினால் அளவு இன்னும் குறைய வேண்டும். குலை தரையில்தானே கிடக்கிறது? டன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் அங்கே தராசு வைத்தா தூக்குவார்? இதை எந்த டேப்பும் சரி செய்யாது. நிர்வாகம் கொடுக்க வேண்டியது தள்ளுவண்டி, இயந்திரம், இன்னும் இரண்டு ஆள்.

இடுப்பு பெல்ட் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட பரிந்துரையில், நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமாகப் பெல்ட் கட்ட வேண்டாம் என்றது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வதையும் முன்னே வைத்தது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். டாக்டரிடம் காட்டி, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே டேப் ஒட்டினால் ஒட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியையும் கேட்டு வாங்கி வாருங்கள். தனியாரிடம் போனால் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர்கள், தோல் மெலிந்த முதியவர்கள் தாங்களாகவே ஒட்ட வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்த்து அரிப்பு வரும். வெடுக்கென்று பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். குளிக்கும்போது எண்ணெய் தடவி மெதுவாக எடுக்க வேண்டும். கால் மரத்துப் போவது, சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பது, இவற்றோடு முதுகுவலி வந்தால் டேப், தைலம், உருவி விடுவது எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளினிக்கில் நம்மவர்கள் பொதுவாகச் செய்வது ஒன்று உண்டு. “சும்மாதான் டாக்டர், வயசாச்சு, வலிக்குது” என்பார்கள். அப்படிச் சொன்னால் அட்டையிலும் அப்படியேதான் எழுதப்படும். குலை தூக்கும்போது வந்தது, இத்தனை வருடமாக இந்த வேலை என்று தெளிவாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் சொக்சோவில் கோரிக்கை வைக்கும்போது முதலில் கேட்பது அந்த ஆவணத்தைத்தான். 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துக்கும் தொழில் நோய்க்கும் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. உங்களோடு குலை வெட்டுகிற வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.