நின்று நின்று போவோம்: பினாங்குத் தீவைச் சுற்றி ஒரு நாள்



தோட்டத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறோம். தண்ணீர்மலைக்குப் போகிறோம், முருகனைக் கும்பிடுகிறோம், கடைத்தெருவில் துணி எடுக்கிறோம், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வேன் வாடகையும் எண்ணெய்ச் செலவும் கொடுத்து இவ்வளவு தூரம் வந்த நாம், வழியில் இருப்பதை எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுகிறோம் அல்லவா? இன்று வழியையே பயணமாக்கிக் கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

பினாங்குத் தீவைச் சுற்றிவரும் சாலை சுமார் 70 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் காலை உணவு செரிப்பதற்குள் முடிந்துவிடும். நின்று நின்று போனால் ஒரு நாள் போதாது. ஆகவே முதல் விதி, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படக் கூடாது. நாலைந்து இடங்கள் போதும். எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். அங்கே பாட்டியும் பிள்ளைகளும் இறங்கி நடக்க முடியுமா? அங்கே யாராவது ஒரு தொழிலைச் செய்து பிழைக்கிறார்களா? அந்த இடத்துக்கும் நம் வாழ்வுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் வண்டியை நிறுத்தலாம்.

தீவுக்குப் போக இன்று இரண்டு பாலங்கள் உண்டு. முதற்பாலம் 1985-லும், பத்து காவானிலிருந்து போகும் இரண்டாம் பாலம் 2014-லும் திறக்கப்பட்டன. தீவுக்குள் நுழையும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இல்லை. பட்டர்வொர்த் படகுகள் இப்போது கார்களை ஏற்றுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

விடியற்காலையில் முதற்பாலம் கடந்து ஜார்ஜ் டவுனுக்குள் வந்தால், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனை நெரிசல் இல்லாமல் தரிசிக்கலாம். அந்தக் கோயில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவரும் வணிகம் செய்த நம்மவரும் குடியிருந்த வட்டாரம் அது. 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக ஜார்ஜ் டவுன் அறிவிக்கப்பட்டது. நகரத்தை முழுதாகப் பார்க்க வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று நமக்குச் சாலைதான் முக்கியம்.

வடக்குக் கரையோரமாகப் போனால் பத்து பெரிங்கி வரும். 'பத்து' என்றால் மலாய் மொழியில் கல். 'பெரிங்கி' என்பது நாம் 'பறங்கி' என்கிறோமே, அதே சொல்தான். ஆக, இது பறங்கிப் பாறை. இப்படி ஊர்ப்பெயருக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் பிள்ளைகள் வண்டியில் தூங்கமாட்டார்கள். கடலைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். இந்தக் கடலில் கொட்டும் ஜெல்லி மீன்கள் உண்டு. உள்ளூர் மீனவரைக் கேட்காமல் பிள்ளைகளை நீரில் இறக்க வேண்டாம்.

அடுத்தது தெலுக் பாஹாங், மீனவர் ஊர். இங்கே படகு கரைக்கு வருவதையும் வலை பழுது பார்ப்பதையும் காட்டலாம். பால்மரம் வெட்டப் போகிறவரைப் போலவே மீனவரும் இருட்டில் எழுந்து தொழிலுக்குப் போகிறவர் என்பதைப் பிள்ளைகள் நேரில் தெரிந்துகொள்வார்கள். 2003-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவும் இங்கேதான் உள்ளது. அதற்கு அரை நாளாவது வேண்டும். வயதானவர்கள் கூட இருந்தால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இதற்குப் பிறகு சாலை மலையேறி வளைந்து வளைந்து போகும். வண்டியோட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய இடம் இது. தித்தி கெராவாங் என்னும் இடத்தில் சாலையோரமே ஓர் அருவி உண்டு. மழை இல்லாத நாட்களில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பக்கத்துப் பழக்கடைகளில் நிற்கலாம். அங்கே சாதிக்காயைக் கேட்டு வாங்கி, பிளந்து பாருங்கள். வெளிச்சதை ஊறுகாய்க்கும் சர்க்கரைப் பாகுக்கும் பானத்துக்கும் ஆகும். கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போல் இருப்பது சாதிபத்திரி. உள்ளே இருக்கும் பருப்புதான் நம் அஞ்சறைப் பெட்டிச் சாதிக்காய். ஒரே காயில் மூன்று பொருள்! ரப்பர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தத் தீவில் சாதிக்காயும் கிராம்பும் மிளகும் பயிரிடப்பட்டன.

மலையிறங்கினால் பாலிக் பூலாவ், அதாவது தீவின் பின்புறம். டுரியான் தோப்புகளும் நெல்வயல்களும் உள்ள ஊர். மரத்தடி நிழல் பார்த்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்க ஏற்ற இடம். குரங்குகள் வந்தால் சோறு போடாதீர்கள். ஒருமுறை பழகிவிட்டால் அடுத்து வருபவரின் கையிலிருந்து பறிக்கும். எச்சில் இலையையும் நெகிழிப் பையையும் திரும்ப எடுத்துக்கொண்டு போவோம்.

பிறகு தெற்குக் கரை வழியாகப் பாயான் லெப்பாஸ் வந்தால் பாம்புக் கோயில். சீனக் கோயில் இது. அங்குள்ள பச்சை விரியன்கள் நஞ்சுள்ளவை. தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.

நேயர்களே, கடைசியாக நிற்க வேண்டிய இடத்தில் கோபுரமும் இல்லை, கடையும் இல்லை. பாலம் ஏறுமுன் கிழக்குக் கடற்கரையோரம் பத்திரமான இடமாகப் பார்த்து நின்றால், எதிரே காடு மூடிய ஒரு தீவு தெரியும். அதுதான் பூலாவ் ஜெரஜாக். தொழுநோயாளிகளுக்கும், பின்னர் 1969 முதல் 1993 வரை கைதிகளுக்கும் இடமாக இருந்தது. அது மட்டுமா? நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் திறந்த தட்டில் படுத்து வந்த நம் முன்னோர் பலர், அம்மை, வாந்திபேதி பரவாதிருக்க, இத்தீவில் தடுத்து வைக்கப்பட்ட பிறகே கரைக்கு அனுப்பப்பட்டார்கள். எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பிறகு ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் அவர்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடை செய்யும்வரை அந்த வரவு நடந்தது.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டன. எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கப்பலில் வந்தோம், முதலில் எந்தத் தோட்டம் என்பதைத் தம் தாய் தந்தையர் வாயால் கேட்ட முதியவர்கள் வீட்டுக்கு ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைத்துக் கேட்டால், "எனக்கென்ன தெரியும் ஐயா" என்பார்கள். அந்தத் தீவுக்கு எதிரே நிறுத்திக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், தோட்டத்துப் பெயர் ஆகிய மூன்றும் போதும்.

துணிமணி இன்னொரு நாளும் வாங்கலாம். பாட்டி சொல்லும் பெயர்களை இன்னொரு நாள் வாங்க முடியுமா? ஆகவே அடுத்த விடுமுறைக்கு வேனில் முன் இருக்கையைப் பாட்டிக்கே கொடுப்போம். எங்கே நிற்கலாம் என்று அவரையே கேட்போம்.