பெட்டிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?



வீட்டில் நெட் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுப்பார். இன்னொருவர் மோடம் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார். நெட்காரருக்குப் போன் செய்தால் கஸ்டமர் ஐடி கேட்பார்கள். பழைய பில்லைத் தேடி அலமாரியே கலைந்துபோகும். மதுரையில் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பழுது பார்க்கிற எனக்கு அந்த நேரத்தில்தான் அழைப்புகள் வரும். யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பெட்டியில என்ன லைட்டு எரியுது? என்ன கலரு?"

சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைச் சொல்கிறேன். நாம் மோடம் என்போம். நெட்காரர்கள் ஓஎன்டி என்பார்கள். தெருவிலிருந்து வரும் ஃபைபர் அங்கே முடிகிறது. நம் வீட்டு வைஃபை அங்கே தொடங்குகிறது. கோளாறு பெட்டிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்பது தெரிந்துவிட்டால் போதும். அந்தப் பக்கம் என்றால் நெட்காரர் வந்தாக வேண்டும். இந்தப் பக்கம் என்றால் பெரும்பாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம். இதைக் கவனிக்காமல்தான் பலர் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுகிறார்கள், புது ரூட்டர் வாங்குகிறார்கள். லேப்டாப்பையே மாற்றியவர்களும் உண்டு.

பெட்டியின் முகப்பில் வரிசையாக விளக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று, பான் என்று எழுதியிருப்பது. அது அசையாமல் பச்சையாக எரிந்தால், நெட்காரரின் அலுவலகத்தோடு பெட்டிக்குத் தொடர்பு இருக்கிறது என்று பொருள். இன்னொன்று, எல்ஓஎஸ். இது அணைந்தே இருக்க வேண்டும். சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. அப்போது போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாலும் பயன் இல்லை. உடனே புகார் கொடுத்து, "எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அதற்குமேல் உங்களைச் சோதிக்க மாட்டார், லைன்மேனை அனுப்பிவிடுவார்.

ஒளி என்று சொன்னேன் அல்லவா? இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். இத்தனை ஆண்டு வேலை பார்த்த பிறகும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது.

உங்கள் வீட்டுக்குள் நுழையும் அந்தக் கறுப்பு அல்லது வெள்ளைக் கம்பியின் நடுவே இருப்பது கண்ணாடி இழை. அதன் பருமன் 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அதிலும் ஒளி ஓடுகிற உள்தண்டு 9 மைக்ரான் மட்டுமே. அதற்குள் இரண்டு ஒளிகள் ஒரே சமயத்தில் எதிரெதிராகப் போகின்றன. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் உங்களை நோக்கி வருவது 1490 நானோமீட்டர், உங்களிடமிருந்து போவது 1310 நானோமீட்டர். நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டருக்கு மேல் பார்க்காது. ஆகவே இரண்டுமே நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு வேண்டுகோள்: அறுந்த ஃபைபரின் முனையை, ஒளி வருகிறதா பார்ப்போம் என்று கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். குழந்தைகளையும் பிடிக்க விடாதீர்கள்.

கண்ணாடி வழியே இவ்வளவு தூரம் ஒளியை அனுப்ப முடியும் என்று 1966-இல் எழுதியவர் சார்ல்ஸ் காவோ. ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். கண்ணாடியில் ஒளி மங்கிப்போகக் காரணம் அதில் கலந்திருக்கும் மாசுதான், தூய்மையாக்கினால் பல கிலோமீட்டர் போகும் என்றார். நான்கே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையைச் செய்து காட்டியது. காவோவுக்கு நோபல் பரிசு வந்தது 2009-இல்.

இனி திருநகரில் ஒரு வீட்டுக்கு வாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, சாயங்காலம் ஆனா நெட்டு நின்னுடுது. காலையில தானா வந்துடுது. எல்லாரும் ஒரே நேரத்துல பாக்குறதால லைன்ல நெரிசல்னு சொல்றாங்க" என்றார். நெரிசல் என்றால் நெட் மெதுவாகும், எல்ஓஎஸ் சிவப்பாகாது. இங்கே மாலை ஆறு மணிக்குப் பிறகு சிவப்பு மின்னியது. வெளியே கம்பத்தில் எல்லாம் சரி என்று லைன்மேன் இருமுறை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் வந்தது பகலில்.

நான் இருட்டுகிற நேரத்தில் போனேன். எங்களிடம் சிவப்பு லேசர் பேனா ஒன்று உண்டு. ஃபைபரின் ஒரு முனையில் செருகினால், எங்கே இழை மடங்கியோ முறிந்தோ இருக்கிறதோ அங்கே சிவப்பு ஒளி உறை வழியாகக் கசிந்து தெரியும். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேனாவைச் செருகினோம். ஜன்னல் ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது. நேயர்களே, விஷயம் இதுதான்: ஃபைபரைச் சுவரில் துளை போடாமல் ஜன்னல் வழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். கொசுவுக்காக அந்த வீட்டு அம்மா மாலையில் ஜன்னலைச் சாத்துவார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இழை நசுங்கும். காலையில் திறந்ததும் நிமிர்ந்துகொள்ளும், நெட் வரும். இழை மடங்கும் இடத்தில் ஒளி உள்தண்டுக்குள் திரும்பாமல் வெளியே கசிந்துவிடுவதுதான் காரணம். மறுநாள் சுவரில் துளை போட்டு, புது ஒயர் இழுத்து, வளைவுகளை அகலமாக விட்டதோடு சரியாகிவிட்டது. ஆசிரியர் பெரிய பிளானுக்கு மாற விண்ணப்பம் கொடுத்திருந்தார். அதை ரத்து செய்துவிட்டார்.

ஆகவே, மிச்சமிருக்கும் ஃபைபரைச் சுருட்டி ஆணியில் மாட்டாதீர்கள். பீரோவுக்குப் பின்னால் தள்ளி நசுக்காதீர்கள். வெள்ளையடிக்க வருபவர்களிடம் முன்கூட்டியே காட்டிவையுங்கள். மொட்டைமாடியில் போகும் ஒயரை அணில் கடித்திருக்கிறதா என்று எப்போதாவது ஏறிப் பாருங்கள். எங்கள் ஊரில் மரத்தை ஒட்டி ஒயர் போகிற வீடுகளில் அணில் கடியால் வருகிற புகார் எனக்கு நன்றாகப் பழகியது. அந்த இடத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒயரை விட்டால் போதும்.

இன்னொரு எண்ணும் உங்களுக்குப் பயன்படும். பேனா, தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். முகவரி மாறியிருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அந்த வரியில் மைனஸ் 20 என்பதுபோல ஓர் எண் தெரியும். மைனஸ் 20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு ஒளி வந்து சேருகிறது. மைனஸ் 27 என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. பெட்டி தாங்கும் எல்லை ஏறத்தாழ அதுதான். மூன்று எண் கீழே இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. நேற்று வரை மைனஸ் 19 இருந்து இன்று மைனஸ் 26 என்றால், நெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கோ இழை மடங்கிவிட்டது, அல்லது ஜாயின்ட் கெட்டுவிட்டது, அல்லது கனெக்டர் முனையில் தூசி படிந்துவிட்டது. லைன்மேனிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அவர் பேசுகிற விதமே மாறும்.

பெட்டியின் பின்னால் ஊசி முனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது ரீசெட். அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. அதை அழுத்திப் பிடித்தால் நெட்காரர் உள்ளே பதிந்துவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். கொஞ்சம் மெதுவாக இருந்த நெட், அதன் பிறகு அடியோடு நின்றுபோகும். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் பேரன் அதை அழுத்திவிட்டு, இரண்டு நாள் ஆன்லைன் வகுப்புக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அதைத் தொடவே வேண்டாம். அணைக்க வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பெட்டி தானாகவே அடிக்கடி அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதே அளவிலும், ஆம்பியர் குறையாமலும் இருக்க வேண்டும்.

சரி, பான் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, ஆனாலும் நெட் மெதுவாக இருக்கிறது. இப்போது கோளாறு பெரும்பாலும் இந்தப் பக்கம். ஒரு லேப்டாப்பை லேன் ஒயரில் நேரடியாகப் பெட்டியோடு இணைத்து வேகம் பாருங்கள். ஒயரில் சரியாக வந்து வைஃபையில் வராவிட்டால், வைஃபைதான் குற்றவாளி. வீட்டு வைஃபைக்குப் பொதுவாக இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் அடுக்குமாடிகளில் எல்லா வீட்டு ரூட்டரும் அதில்தான் மோதுகின்றன. ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டு வந்தால் தளர்ந்துவிடும். பெட்டியை டிவி அலமாரிக்குள் பூட்டிவைக்காமல், இரும்பு பீரோவை ஒட்டாமல், வீட்டின் நடுவில் ஆள் உயரத்தில் வைத்தால் பல வீடுகளில் வேறு எதுவுமே வேண்டியதில்லை.

எஸ்.எஸ். காலனியில் ஒருவர் 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியும் கம்ப்யூட்டரில் 95-ஐத் தாண்டவில்லை. அவர் கோபம் நியாயமானது. கோளாறோ அவர் மேசைக்கு அடியில் இருந்தது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். அவற்றில் சில அறுந்தால் வேகம் 100-க்கு இறங்கிவிடும், நெட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. முனையில் இருக்கும் கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தோம், முழு வேகம் வந்தது. சில பெட்டிகளில் பின்னால் இருக்கும் துளைகளில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100 என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று நினைக்க வேண்டாம். எட்டால் வகுங்கள், பன்னிரண்டரை எம்பிதான்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வருகிற லேப்டாப்புகளில் பல, உண்மையில் தாங்களே மெதுவானவை. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் சுழல்கிற ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டினால், எழுத்து வேலைக்கும் பாடம் பார்க்கவும் இன்னும் சில ஆண்டு ஓடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் கருத்து: 8 ஜிபி ரேமுக்குக் குறைவாக வேண்டாம், முடிந்தால் 16. டிஸ்க் கண்டிப்பாக எஸ்எஸ்டி. செகண்ட் ஹேண்ட் கடையில் "ஐ7 சார், சூப்பர் பிராசசர்" என்பார்கள். ஐ7 என்ற சொல்லோடு நிற்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை லேப்டாப் ஐ7 பலவற்றில் இரண்டே கோர். 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-இல் ஆறு கோர் கொண்டவை உண்டு. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ரூட்டர் வாங்குவது, மின்தடைக்கு மினி யுபிஎஸ், மாடிக்கு மெஷ் இவற்றையெல்லாம் பேச இன்று நேரமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே உங்கள் பெட்டியின் விளக்குகளையும், அடியில் இருக்கும் சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆர்எக்ஸ் பவர் எண்ணையும் கஸ்டமர் ஐடியையும் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நெட் நிற்கும்போது வீட்டில் யார் இருந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும், அதைப் பார்த்தே புகார் கொடுத்துவிட முடியும்.