முதிய நீல விண்மீன்களும் நிறமாலையும்

மே மாத நடுவில், இரவு பத்து மணியளவில், தாம்பரத்துக்குத் தெற்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து நிற்கிறது. எனினும் வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியே நீளும் ஜி.எஸ்.டி. சாலையின் விளக்கொளி அதை மங்கச் செய்வதால், மொட்டை மாடியிலிருந்து தேடுவோர்க்குப் பைனாகுலர் தேவைப்படும். பால்வழியின் தட்டையான வட்டைச் சூழ்ந்து, பழைய விண்மீன்கள் அருகிப் பரவியுள்ள கோள வடிவப் பெருவெளியை வானியலார் ஹேலோ என்பர். சுமார் 1,200 கோடி ஆண்டு வயதுடைய இக்கொத்தும் அதைச் சேர்ந்ததே.

நீல விண்மீன் என்றாலே பெரும்பாலும் இளைய விண்மீன்தான். புதிய விண்மீன்கள் பிறக்காத ஹேலோவில் நீல நிறம் தென்படுவது அதனால்தான் விளக்கத்தை வேண்டுகிறது. செம்பூத நிலையைக் கடந்து, மேலுறையின் பெரும்பகுதியை இழந்து, மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் கிடைக்கிளை விண்மீன்கள் ஒரு வகை; துணை விண்மீனின் பொருளை ஈர்த்தோ அதனுடன் ஒன்றியோ மீண்டும் வெப்பமேறியவை மற்றொரு வகை. நிறத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரிப்பது கடினம்.

ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையே இங்குத் துணைபுரிகிறது. இரண்டாம் வகையின் ஈர்ப்பு மிகுந்த பரப்பில் வாயு நெருக்குண்டு ஹைட்ரஜனின் கருங்கோடுகள் அகன்றுவிடுகின்றன. உப்பிய கிடைக்கிளை விண்மீனிலோ அவை ஒடுங்கியே இருக்கின்றன. கால்சியக் கோடு மெலிந்திருந்தால் உலோகம் குறைவு என்று உடனே முடிவுகட்டலாகாது; வெப்பம் ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பதாலும் அக்கோடு மெலியும் என்பதை 1920-இல் மேகநாத் சாகா வகுத்த சமன்பாடு காட்டுகிறது.

கிடைக்கிளை விண்மீன்களின் உண்மை ஒளிர்வு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் தொலைவையும், கோடுகளின் இடப்பெயர்ச்சியால் வேகத்தையும் அறியலாம். இவ்வாறு சுமார் 2,400 விண்மீன்களை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவ்வேகத்தை ஆளும் பால்வழியின் நிறை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம் என மதிப்பிட்டது.

தமிழ்நாட்டில் இத்தகைய நிறமாலைப் பணிக்கு உரிய இடம், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கு இயங்குகிறது. புற ஊதாக் கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றுக்கு விண்கலமே வழி. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் எடுத்த புற ஊதாப் படங்களைக் கொண்டு, என்ஜிசி 5466 என்னும் ஹேலோக் கொத்தில், இரண்டாம் வகை நீல விண்மீன் ஒன்றுக்கு வெண்குறு விண்மீன் துணையாக இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2019-இல் கண்டறிந்தனர்.