கற்றதை அளத்தல்



பிள்ளை பொறியியல் முடித்து, இரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து, பிறகு எம்.பி.ஏ. சேர்ந்து அதையும் முடித்துவிட்டான் என்று ஒரு தகப்பனார் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து உடனே பிறக்கிற கேள்வி, எவ்வளவு சம்பளத்துக்கு எடுத்தார்கள் என்பதுதான். அந்த எம்.பி.ஏ. படிப்பில் பையன் எதைச் செய்யக் கற்றுக்கொண்டான் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும், ஆதாரத்தோடு பதில் சொல்லக்கூடிய நிலையில் நம் கல்லூரிகளில் பல இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சம்பளம் அற்பமான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியில் கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்துக்கு அதைவிட அவசரமானது வேறொன்றில்லை. ஆனால் ஒரு வருஷத்துச் சம்பளம் அந்த வருஷத்து வியாபார நிலைமையை ஒட்டி ஏறுகிறது, இறங்குகிறது. மேலும், ‘கேட்’ போன்ற கடினமான எம்.பி.ஏ. நுழைவுப் பரீட்சையில் பல்லாயிரம் பேரைப் பின்னே தள்ளிவிட்டு உள்ளே வருகிற ஒருவர், அந்தக் கல்லூரியின் படியே ஏறாமல் இருந்திருந்தாலும் ஓரளவு நல்ல உத்தியோகத்தைத் தேடிக்கொண்டிருப்பார் என்னும்போது, அவர் வாங்கும் சம்பளத்தில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, அவருடைய சொந்த சாமர்த்தியத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்குப்பிள்ளையாலும் ஆகாது.

கற்றதை அளக்காத குறை இன்று பிறந்ததல்ல. வணிக நிர்வாகத்தைச் சர்வகலாசாலைப் படிப்பாக வளர்த்தது அமெரிக்க தேசம். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-ல் பிறந்தபோது, முன்னது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியையும் பின்னது ஹார்வர்டையும் துணையாகக் கொண்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1959-ல், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவிலும் கார்னிகி நிறுவனத்தின் ஆதரவிலும் தனித்தனியே வெளிவந்த இரு அறிக்கைகள், அமெரிக்க வணிகப் பள்ளிகளில் சேரும் மாணவர் தரம் போதாது, பாடங்களோ குறுகிய தொழிற்பயிற்சியாக இருக்கின்றன என்று கடுமையாகக் கண்டித்திருந்தன. அதன்பின் கணிதமும் பொருளாதாரமும் மனோதத்துவமும் பாடத்திட்டத்தில் ஏறின. ஆசிரியர்கள் ஆராய்ச்சியாளர்கள் ஆனார்கள். எல்லாம் நல்லதே. ஆயினும், யார் படிக்க வருகிறார்கள், யார் கற்பிக்கிறார்கள் என்று விசாரித்த அளவுக்கு, படித்துவிட்டு வெளியே போகிறவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்று விசாரிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. இத்தகைய பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்குகிற, 1916-ல் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற சங்கம், மாணவர் கற்றதற்கு நேரடியான சான்று காட்டவேண்டும் என்று அழுத்தமாக விதித்தது 2003-ஆம் வருஷத்தில்தான். பாடவாரியான மதிப்பெண்ணை மட்டும் அதற்குப் போதிய சான்றாகக் கொள்வதில்லை.

மதிப்பெண் ஏன் போதாது? மார்க்கெட்டிங் பாடத்தில் ஒருவர் அறுபத்திரண்டு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபத்திரண்டுக்குள் அவருடைய வருகைப் பதிவு இருக்கிறது, குழுவாகச் செய்த அசைன்மெண்ட் இருக்கிறது, பரீட்சைக்கு முந்தின இரவு நெட்டுருப் போட்ட இலக்கணங்கள் இருக்கின்றன. கோபமாக எழுதியிருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு அவரால் நிதானமாக ஒரு பதில் எழுத முடியுமா என்பது மட்டும் அதிலிருந்து தெரியாது. ஹார்வர்டிலேயே பேராசிரியராக இருந்த ஸ்டெர்லிங் லிவிங்ஸ்டன் என்பவர் 1971-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வகுப்பில் வாங்கிய மதிப்பெண் நிர்வாகியின் பிற்கால வெற்றியை முன்னறிவிப்பதில்லை என்று வாதித்தார். வகுப்பறை, கொடுக்கப்பட்ட பிரச்சினையைத் தீர்க்கப் பழக்குகிறதே தவிர, பிரச்சினை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழக்குவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். உண்மைதான். அலுவலகத்தில் யாரும் வினாத்தாள் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? இதற்குத் தொழில் உலகமே ஒரு வழியைக் கையாண்டிருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., 1956-ல் டக்ளஸ் பிரே என்ற மனோதத்துவ நிபுணரைக் கொண்டு தன் இளம் நிர்வாகிகளை ஆராய்ந்தபோது, வேறு பல பயிற்சிகளோடு ‘இன்-பாஸ்கெட்’ என்ற பரீட்சையையும் வைத்தார்கள். நம் அலுவலக வழக்கில் சொன்னால், தபால் பார்ப்பது. புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரியாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, மேஜைமீது குவிந்து கிடக்கும் கடிதங்களையும் குறிப்புகளையும் குறித்த நேரத்துக்குள் பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் என்ன நடவடிக்கை என்று எழுதவேண்டும். அவரவருக்குக் கிடைத்த மதிப்பீட்டை நிறுவனத்தாருக்குக் காட்டாமல் மறைத்து வைத்துவிட்டு, வருஷங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்ததில், முன்னேறுவார்கள் என்று கணிக்கப்பட்டவர்களிலேதான் அதிகம் பேர் முன்னேறியிருந்தார்கள்.

இதை நம் ஊருக்கு ஏற்றபடி அமைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை. மாணவர் அதன் புதிய மேலாளர். மேஜைமீது, மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்கும் ஒரு ஃபிட்டரின் விண்ணப்பம், ஓவர்டிராஃப்ட் மிஞ்சிவிட்டது என்று வங்கியின் நினைவூட்டல், தொழிற்சாலை ஆய்வாளர் வருகிற அதே நாளில் விநியோகஸ்தர் கூட்டம் என்று ஓர் அறிவிப்பு. இவற்றிடையே, உடுமலைப்பேட்டை டீலர் ஒருவர், போன மாதம் அனுப்பிய மோட்டார்களில் மூன்று காயில் கருகித் திரும்பிவிட்டன என்று எழுதிய புகார். ஏழெட்டுக் காகிதம் தள்ளி, வைண்டிங் கம்பியை வேறொருவரிடம் குறைந்த விலைக்கு வாங்கத் தொடங்கியிருக்கிறோம் என்று கொள்முதல் பிரிவு பெருமையோடு எழுதிய ஒரு குறிப்பு. டீலருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி முடித்துவிடுகிற மாணவர் ஒரு நிலை. மோட்டாரை மாற்றிக் கொடுத்து மெக்கானிக்கை அனுப்பச் சொல்லுகிறவர் அடுத்த நிலை. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்து, அந்தக் கம்பியைப் பரிசோதித்து முடியும்வரை உற்பத்தியை நிறுத்தி வையுங்கள் என்று எழுதுகிறவர் வேறு ஜாதி. இப்படி நிலைகளை முன்கூட்டியே வகுத்து எழுதிக்கொண்டு, ஒருவர் போட்ட மதிப்பை மற்றவர் அறியாமல் இரண்டு ஆசிரியர்கள் திருத்தி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எல்லா மாணவரையும் சோதிக்கவேண்டுமென்றுகூட இல்லை. சிலரைப் பொறுக்கி எடுத்தாலே விஷயம் விளங்கிவிடும். அவர்களில் மிகுதியானோர் மன்னிப்புக் கடிதத்தோடு நின்றுவிட்டார்கள் என்றால், குறை மாணவரிடத்தில் மட்டும் இல்லை. கொள்முதலை ஒருவரும் விற்பனையை இன்னொருவருமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் கற்பித்த பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதை மாற்றிவிட்டு அடுத்த வருஷம் மறுபடி பார்க்கவேண்டும்.

நம் கல்லூரிகளில் இந்த யோசனை வராமல் இல்லை, வந்து, அட்டவணையாகிவிட்டது. தேசிய அங்கீகார வாரியத்தின் வழிகாட்டுதலை ஒட்டி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு ‘கோர்ஸ் அவுட்கம்’, அதாவது அந்தப் பாடத்தில் மாணவர் அடையவேண்டிய திறன்கள், எழுதுகிறார்கள், அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களால் முழுப் படிப்புக்குமான ‘புரோகிராம் அவுட்கம்’களோடு இணைக்கிறார்கள், எந்த மதிப்பெண் போதாது என்றோமோ அதே செமஸ்டர் மதிப்பெண்ணை எக்செல் தாளில் ஏற்றுகிறார்கள், முடிவில் ‘அட்டெய்ன்மெண்ட்’, அதாவது எட்டிய அளவு, 2.37 என்று ஓர் எண் வந்து நிற்கிறது. அவ்வளவு நுணுக்கமாக நகைக்கடைக்காரரும் நிறுப்பார். அவர் தட்டில் தங்கமாவது இருக்கும். எண் குறைந்துவிட்டால் அடுத்த முறை வினாத்தாளை எளிதாக்கிவிடுவது, அல்லது இலக்கைத் தாழ்த்திவிடுவது என்ற உபாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வாரியத்தின் குழு ஆய்வுக்கு வருவதற்கு முந்தின வாரம் நள்ளிரவு வரை கோர்ஸ் ஃபைல் தயாரிக்கிறவருக்கு, மாணவர் எழுதிய பத்துப் பக்கத்தை உட்கார்ந்து படிக்க அவகாசம் ஏது? உண்மையான சான்றாக இருக்கக்கூடிய கோடைக்காலப் புராஜெக்ட் அறிக்கைகளோ, தங்க எழுத்து அட்டையோடு அலமாரியில் தூங்குகின்றன. அவற்றில் சில, நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறிய போன வருஷத்து அறிக்கைகள் என்பது வாய்மொழிப் பரீட்சை நடத்துகிறவருக்குத் தெரியாத ரகசியமல்ல.

அட்டவணைகளில் பாதியைக் குறைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை, நிறுவனங்களில் வேலை பார்க்கும் இரண்டொரு அனுபவஸ்தர்களையும் உடன் வைத்துக்கொண்டு, இருபது மாணவர்களின் வேலையை ஆசிரியர்கள் ஒரு நாள் முழுதும் சிரத்தையாகப் படித்தால், அது எந்த எக்செல் தாளையும்விட அதிகம் சொல்லும் என்பது என் துணிபு.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையை எம்.பி.ஏ.யில் சேர்க்கப் போகும்போது, சம்பள விவரத்தைக் கேளுங்கள், தவறில்லை; அதோடு, போன வருஷத்து மாணவர்கள் செய்த வேலையைப் பார்த்து நீங்கள் பாடத்தில் எதை மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விளம்பரப் புத்தகத்தை நீட்டுகிற கல்லூரியாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இன்னும் இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.