சின்சே கொடுக்கும் கஷாயம்

 

சிங்கப்பூரில் நம் பெரியவர்கள் பலர், "சாப்பிட்டது செரிக்கவில்லை, உடம்பில் தெம்பில்லை" என்று புளோக்குக்குக் கீழே இருக்கும் சீன மருந்துக்கடையில் பொட்டலம் வாங்கி வருகிறார்கள். அதைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. 1867-ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்த ஊர் இது. ஆனால் குடிப்பது என்னவென்று தெரிந்து குடிப்போம்.

சீன மருத்துவத்தில் செரிமானமும் தெம்பும் ஒன்றே. உணவை ஆற்றலாக மாற்றுவது மண்ணீரலும் இரைப்பையும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் சொல்லும் மண்ணீரல் ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டுமல்ல, ஒரு வேலையின் பெயர். அந்த ஆற்றலுக்கு 'ச்சி' என்று பெயர். நம் காதுக்குத்தான் வேறு மாதிரி கேட்கிறது!

இதை அழுத்திச் சொன்னவர் லி தோங்யுவான். 1232-ல் மங்கோலியப் படை கைஃபெங் நகரை முற்றுகையிட்டது. முற்றுகை விலகிய பிறகும் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். வெளியிலிருந்து தொற்றிய நோய் என்று எண்ணிய வைத்தியர்கள் வியர்க்க வைத்தும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். லி அதை ஏற்கவில்லை. பசியிலும் பயத்திலும் நொந்த வயிறு, திடீரென்று நிறையச் சாப்பாடு வந்ததும் தாங்கவில்லை என்றார். 1249-ல் மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

அடிப்படைக் கஷாயம் ஒன்று உண்டு. ஜின்செங், பாய்ச்சூ என்ற கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், வறுத்த அதிமதுரம். நான்கும் சாதுவானவை என்பதால் 'நான்கு பண்பாளர்' என்று பெயர் வைத்தார்கள். ஜின்செங் விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் தாங்ஷென் வேரைப் போடுகிறார்கள். வயிறு உப்பினால் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேரும்.

சாதுவானது என்றால் தீங்கே இல்லை என்று பொருளல்ல. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் அதிமதுரம் அதிகம் சேர்ந்த கஷாயம் குடித்தார். கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை; அவருக்கு அது மருந்தாகவே தோன்றவில்லை. மகள்தான் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் ஜின்செங் எடுத்தால் மாத்திரையின் பலன் குறையலாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவோரும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக்கூடாது.

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. ஒரே மாதிரிப் பெயர்தான் காரணம். எனவே பொடியாக, பெயரில்லாமல் விற்பதை வாங்காதீர்கள். மருத்துவர் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள்; 2000-லிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது.

ஹலால் விஷயமும் உண்டு. தெம்புக்கென்று விற்கும் மூலிகை ஒயினில் மது இருக்கிறது. 'அஜியாவ்' என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. செரிமானத்துக்குக் கோழி இரைப்பையின் உட்தோலையும் சேர்ப்பார்கள். அறுத்தது யார் என்று கடைக்காரருக்கே தெரியாது. "மிருகப் பொருளும் மதுவும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சின்சே வேறு எழுதிக் கொடுப்பார்.

வீட்டில் பொட்டலம் இருப்பவர்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரைகளோடு அதையும் பையில் எடுத்துப் போங்கள்.